குடும்பமும் நினைவும்: கல்லூரிக் காட்சியரங்கில் ஒரு புகைப்படக் கண்காட்சியை அமைப்பது எப்படி?

குடும்பப் படம் ஒன்றைக் கையில் எடுத்தால், நமக்கு அந்த நாளின் வெயில்கூட ஞாபகம் வரும். அதே படத்தை முன்பின் தெரியாத ஒருவரிடம் நீட்டுங்கள். அவருக்குத் தெரிவது சோபாவில் உட்கார்ந்திருக்கும் நான்கு பேர்தான். இந்தக் கண்காட்சியில் நீங்கள் செய்யப்போகும் வேலை முழுவதும் அந்த இரண்டு பார்வைகளுக்கும் நடுவில் இருக்கிறது.

மாணவர்களோடு சேர்ந்து இதைப் பலமுறை செய்திருக்கிறேன். படம் எடுக்கத் தெரியாததால் யாரும் தடுமாறிப் பார்த்ததில்லை. வேலைகளின் வரிசை மாறிப்போவதால்தான் தடுமாறுகிறார்கள். பிரிண்ட் போட்ட பிறகு அனுமதி கேட்பார்கள், ஃபிரேம் வாங்கிய பிறகு சுவரை அளப்பார்கள், திறப்புக்கு முந்தைய இரவு குறிப்பு எழுதுவார்கள். அதனால் எதை எப்போது செய்ய வேண்டும், ஏன் அப்போதே செய்ய வேண்டும் என்பதைச் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் முறை செய்பவர்களுக்குக் குறைந்தது 12 வாரம் வேண்டும். அதில் பாதி, பேசுவதற்கும் கேட்பதற்கும் போய்விடும். அந்தப் பாதியைக் குறைக்கப் பார்க்காதீர்கள்.

1. முதலில் அரங்கை அளந்துவிடுங்கள்

கருப்பொருள் முடிவாகும் முன்பே ஒரு அளவுநாடாவோடு அரங்குக்குப் போங்கள். ஒவ்வொரு சுவரின் நீளம், உயரம், கதவு, ஜன்னல், மின் சுவிட்சு இருக்கும் இடம் எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். நேர் வெயில் எந்தச் சுவரில், எந்த நேரத்தில் விழுகிறது என்று ஒரு நாள் முழுக்கக் கவனித்துக் குறியுங்கள்.

சுவரில் ஆணி அடிக்க அனுமதி உண்டா, மேலே கம்பிச் சட்டம் இருக்கிறதா, தடுப்புப் பலகைகள்தானா என்று பொறுப்பாளரிடம் கேளுங்கள். பதிலைப் பொறுத்து ஃபிரேமின் எடை மாறும். எடை மாறினால் பிரிண்ட்டின் அளவும் மாறும்.

எத்தனை படம் கொள்ளும் என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. சுவர் நீளத்திலிருந்து ஃபிரேம்களின் மொத்த அகலத்தைக் கழியுங்கள். படங்களின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி, அந்த எண்ணால் மீதியை வகுங்கள். 6 மீட்டர் சுவரில் 50 செ.மீ. அகலமுள்ள 7 ஃபிரேம் என்றால் மீதி 250 செ.மீ. அதை 8 ஆல் வகுத்தால் ஒவ்வொரு இடைவெளியும் சுமார் 31 செ.மீ. வரும். குடும்பப் படங்களுக்கு இது நல்ல இடைவெளி. 15 செ.மீ.க்குக் கீழே போனால் பார்ப்பவர் ஒரு படத்தில் நிற்க மாட்டார், கண் அடுத்ததற்கு ஓடிவிடும்.

இந்த எண்ணிக்கையை இப்போதே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். 25 இடம்தான் இருக்கிறது என்று முதலிலேயே தெரிந்தால், பிறகு படத்தை நீக்கும்போது மனக்கசப்பு குறையும்.

2. கருப்பொருளைக் கேள்வியாக மாற்றுங்கள்

“குடும்பமும் நினைவும்” என்று அறிவித்தால் உங்களுக்கு வந்து சேர்வது பிறந்தநாள் படங்கள்தான். அந்தச் சொற்களில் எல்லாமே அடங்கும் என்பதால் யாருக்கும் எங்கே தேட வேண்டும் என்று தெரியாது.

கேள்வியாகக் கேட்டால் தேடத் தொடங்குவார்கள். “உங்கள் வீட்டு ஆல்பத்தில் யார் படத்தில் இல்லவே இல்லை?” “கேமராவைப் பிடித்திருந்தவர் யார்?” “நீங்கள் பிறக்கும் முன் நடந்தது, ஆனால் உங்களுக்கு நினைவிருப்பதுபோல் தோன்றுவது எது?” இப்படி ஒரு கேள்வி போதும். இரண்டு வேண்டாம்.

பழைய படங்கள் மட்டுமா, புதிதாக எடுத்தவையும் உண்டா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். இரண்டும் கலக்கலாம். ஆனால் புதிய படத்துக்கு ஒரு விதி இருப்பது நல்லது: அதே இடம், அதே நபர், அதே நிற்கும் முறை என்று ஏதாவது ஒன்றை மாற்றாமல் வையுங்கள். நிக்கலஸ் நிக்சன் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் தன் மனைவியையும் மனைவியின் மூன்று சகோதரிகளையும் 1975 முதல் ஆண்டுக்கொரு படமாக வெளியிட்டார். நால்வரும் ஒவ்வொரு முறையும் அதே இட வரிசையில் நிற்கிறார்கள். வரிசை மாறாததால்தான் முகத்தில் ஏறிய வருடங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன.

ஒருவருக்கு அதிகபட்சம் 6 படம் என்று எல்லை வையுங்கள். கோப்புப் பெயருக்கும் ஒரு ஒழுங்கு சொல்லுங்கள்: எண், பெயர், படத்தின் தலைப்பு. இல்லையென்றால் பெயர் தெரியாத கோப்புகள் குவிந்து, கடைசி வாரத்தில் எது யாருடையது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

3. அனுமதி: பிரிண்ட்டுக்கு முன், தேர்வுக்கும் முன்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். காரணம் என் அனுபவம். ஒரு முறை ஒரு மாணவி தன் அத்தையின் இளவயதுப் படத்தைக் கொண்டுவந்தாள். படம் அவள் அம்மாவின் ஆல்பத்தில் இருந்தது, அம்மாவும் சரி என்றார். அழகான படம். பெரிதாகப் பிரிண்ட் போட்டு நுழைவாயிலுக்கு எதிரிலேயே மாட்டினோம். திறப்பு நாளில் அத்தை வந்தார். தன் வாழ்க்கையின் மிகக் கடினமான ஒரு வருடத்தில் எடுத்த படம் அது என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. அவர் சத்தம் போடவில்லை. வெளியே போய் நின்றுகொண்டார். படத்தை அன்றே இறக்கினோம், ஆனால் அதற்குள் அவர் அதைப் பார்த்துவிட்டார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாட்டியது எங்கள் தவறு.

மூன்று பேரின் அனுமதி தனித்தனியாக வேண்டும். படத்தை வைத்திருப்பவர், படத்தில் இருப்பவர், படத்தை எடுத்தவர். பலர் முதல் ஆளோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒரு பிரிண்ட் உங்கள் வீட்டில் இருப்பதால் மட்டும் அதன் பதிப்புரிமை உங்களுடையது ஆகிவிடாது. ஸ்டுடியோவில் எடுத்த படம் என்றால் உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கல்லூரியில் சட்டம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அனுமதித் தாள் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. அதில் இருக்க வேண்டியவை: படத்தின் சிறிய நகல், அது எங்கெல்லாம் வரும் (சுவர், சுவரொட்டி, சமூக வலைதளம், கையேடு), எந்தத் தேதி வரை, எந்தத் தேதிக்குள் மனம் மாறினால் எடுத்துவிடுவீர்கள். ஒவ்வொரு இடத்துக்கும் தனிக் கட்டம் போடுங்கள். சுவரில் இருக்கலாம், இணையத்தில் வேண்டாம் என்று சொல்பவர்கள் நிறைய. மொத்தமாக ஒரே கையெழுத்து கேட்டால் அவர்கள் மொத்தமாகவே மறுத்துவிடுவார்கள்.

படத்தில் இருப்பவர் இறந்துவிட்டால், அவருக்கு மிக நெருங்கியவரிடம் கேளுங்கள். குழந்தைகளின் படத்துக்குப் பெற்றோரின் கையெழுத்து வேண்டும், புரியும் வயதென்றால் குழந்தையின் சம்மதமும் வேண்டும். பிரிந்துபோன உறவு, மருத்துவமனை, சிறை, வன்முறை ஆகியவை தொடர்பான படங்களை, கையெழுத்து இருந்தாலும் இன்னொரு முறை உட்கார்ந்து பேசிய பிறகே எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று. மாணவர் தன் குடும்பத்திடம் கேட்கத் தயங்குகிறார் என்றால் அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருக்கும். வற்புறுத்தாதீர்கள்.

4. படத்தை நடுவில் வைத்துப் பேசுங்கள்

படம் வந்தவுடன் ஸ்கேன் செய்யப் போகாதீர்கள். முதலில் அந்தப் படத்தை மேசையில் வைத்து, அதைத் தெரிந்தவரோடு அரைமணி நேரம் பேசி ஒலிப்பதிவு செய்யுங்கள். பின்னால் நீங்கள் எழுதப்போகும் குறிப்புகளுக்கு இந்தப் பதிவுதான் மூலம்.

கையில் படம் இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும். ஜான் காலியர் என்ற ஆய்வாளர் 1957இல் இதை ஒப்பிட்டு எழுதினார். படம் வைத்து நடத்திய நேர்காணல்களில் விவரம் கூர்மையாக இருந்தது, பேசுபவர்களும் சீக்கிரம் களைக்கவில்லை. பெரியவர்களோடு உட்காரும்போது இதை நீங்களே பார்ப்பீர்கள். “உங்கள் இளமையைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றால் இரண்டு வாக்கியத்தில் முடிப்பவர், படத்தில் மூலையில் தெரியும் நாற்காலியைப் பார்த்துவிட்டால் நிறுத்த மாட்டார்.

கேட்க வேண்டிய கேள்விகளில் எனக்கு எப்போதும் பலன் தந்தவை இவை. இதை யார் எடுத்தது? இதற்கு ஐந்து நிமிடம் முன்னால் என்ன நடந்தது? இந்த ஓரத்துக்கு வெளியே யார் நிற்கிறார்கள்? இந்தப் படம் இத்தனை வருடம் எங்கே இருந்தது? “இவர்கள் யார் யார்” என்பதைக் கடைசியில் கேளுங்கள். முதலில் கேட்டால் பெயர்ப் பட்டியல் சொல்லிவிட்டு ஓய்ந்துவிடுவார்கள்.

புதியவர்கள் செய்யும் தவறு, மௌனத்தை நிரப்புவது. பாட்டி பேசாமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். மனதில் பத்து வரை எண்ணுங்கள். அவராகவே தொடர்வார்.

ஒரே படத்தை அண்ணன் ஒரு விதமாகவும் தங்கை வேறு விதமாகவும் சொல்வார்கள். எது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், இப்படிப்பட்ட படத்துக்கு அரங்கில் நல்ல இடம் கொடுக்க வேண்டும்.

5. மூலப் படத்தைத் தொடுவதும் ஸ்கேன் செய்வதும்

கையைக் கழுவி நன்றாக உலர்த்திய பிறகு தொடுங்கள், அல்லது நைட்ரைல் கையுறை போடுங்கள். ஓரத்தைப் பிடித்தே தூக்குங்கள். விரலின் எண்ணெய்ப் பசை பளபளப்பான பரப்பில் தடமாகத் தங்கிவிடும். பின்பக்கம் எண் போட வேண்டுமென்றால் மென்மையான பென்சில் மட்டும். பந்துமுனைப் பேனா அழுத்தினால் முன்பக்கம் கோடு தெரியும், மையும் நாளடைவில் ஊறும்.

கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரிக்க முயலாதீர்கள். படத்தின் மேல்படலம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். பசை தடவிய அட்டையும் பிளாஸ்டிக் தாளும் கொண்ட பழைய ஆல்பங்களிலும் இதே கதைதான். பசை இறுகிப்போயிருந்தால் பக்கத்தை அப்படியே வைத்து மேலிருந்து கேமராவால் படம் எடுங்கள். இரண்டு பக்கமும் 45 பாகை சாய்வில் விளக்கு வைத்தால் பளபளப்பு அடங்கும்.

ஸ்கேன் அளவை, எவ்வளவு பெரிதாகப் பிரிண்ட் போடுவீர்கள் என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். 4×6 அங்குலப் படத்தை 600 பிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 பிக்சல்) ஸ்கேன் செய்தால் 2400×3600 பிக்சல் வரும். 300 பிபிஐயில் அது 8×12 அங்குலப் பிரிண்ட். இரு மடங்கு பெரிதாக வேண்டுமென்றால் 1200 பிபிஐ. அதற்கு மேல் போனால் பெரும்பாலும் காகிதத்தின் துகள்தான் பெரிதாகும். 35 மி.மீ. நெகட்டிவ் கிடைத்தால் விடாதீர்கள். 4000 பிபிஐயில் ஏறக்குறைய 3800×5700 பிக்சல் கிடைக்கும், பிரிண்ட்டில் இல்லாத நுணுக்கமும் அதில் இருக்கும்.

தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். வெள்ளை ஓரம் வெட்டுப்படாமல் முழுப்படமும் வரட்டும். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். தேதி முத்திரை, யாரோ எழுதிய ஒரு வரி, ஆல்பத்தின் பசைத் தடம், எல்லாம் அங்கேதான் இருக்கும்.

மெசேஜ் செயலியில் புகைப்படமாக அனுப்பியதைப் பிரிண்ட்டுக்கு எடுக்காதீர்கள். செயலி அதைச் சுருக்கிவிடும். ‘டாகுமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் பென் டிரைவில் வாங்குங்கள்.

6. எவ்வளவு திருத்தலாம்?

ஸ்கேனரில் ஒட்டியிருந்த தூசியை நீக்குங்கள். படத்தின் மேல் காலம் விட்ட கீறலை விட்டுவிடுங்கள். மடிப்பு, பர்ஸில் வைத்துத் தேய்ந்த மூலை, கத்தரியால் வெட்டி எடுத்த ஒரு முகம் ஆகியவை நினைவைப் பற்றிய கண்காட்சியில் படத்தின் பகுதிகள். குறிப்பாக வெட்டப்பட்ட முகத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலி கொண்டு நிரப்பாதீர்கள். யாரோ ஒருவர் முடிவெடுத்துத்தான் அதை வெட்டியிருக்கிறார்.

கருப்பு வெள்ளைப் படத்துக்கு நிறம் ஏற்றுவதையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. செயலி ஊகித்த சட்டையின் நிறம், சில வருடத்தில் குடும்பத்தின் நினைவாகவே ஆகிவிடும். இதை வெறும் பயமாகச் சொல்லவில்லை. 2002இல் வெளியான ஒரு ஆய்வில், 20 பேருக்கு அவர்கள் சிறுவயதில் வெப்பக்காற்று பலூனில் பறந்ததுபோல் ஒட்டுவேலை செய்த படத்தைக் காட்டினார்கள். உண்மையில் யாரும் பறந்ததில்லை. மூன்று நேர்காணல்கள் முடிந்தபோது பாதிப்பேர் அந்தப் பயணத்தை முழுதாகவோ அரைகுறையாகவோ “நினைவுகூர்ந்தார்கள்”. அவ்வளவு வலிமையான பொருளைத்தான் நீங்கள் கையில் வைத்திருக்கிறீர்கள்.

பழைய வண்ணப் படங்கள் செம்மை ஏறியிருக்கும். அக்காலத் தாள்கள் பலவற்றில் சயான் (பச்சை கலந்த நீல) சாயம் இருட்டுக்குள் இருந்தாலும் முதலில் மங்கும், அதனால் சிவப்பு தூக்கலாகத் தெரியும். இதைச் சரிசெய்யலாம், விட்டும் விடலாம். ஆனால் கண்காட்சி முழுவதற்கும் ஒரே விதி வேண்டும். நான்கு படம் பளிச்சென்றும் நான்கு படம் சிவந்தும் இருந்தால், அது காலத்தின் வேலையா உங்கள் கவனக்குறைவா என்று பார்ப்பவருக்குப் புரியாது.

7. திரையில் தேர்ந்தெடுக்காதீர்கள்

எல்லாப் படங்களையும் தபால் அட்டை அளவில் சாதாரணத் தாளில் எடுத்து, பெரிய மேசையில் பரப்புங்கள். திரையில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் பார்க்க முடியும். மேசையில் எது எதனோடு பேசுகிறது என்று தெரியும்.

முதல் சுற்றை நீங்களே செய்யுங்கள். இரண்டாவது சுற்றுக்கு இந்தக் குடும்பங்களைத் தெரியாத ஒருவரைக் கூப்பிடுங்கள். எதையும் விளக்காமல் ஒவ்வொரு படத்தையும் பத்து நொடி காட்டி, “என்ன பார்க்கிறீர்கள்?” என்று மட்டும் கேளுங்கள். அவர் கண் எங்காவது நின்றால் அந்தப் படம் சுவருக்குத் தயார். எங்கும் நிற்கவில்லையென்றால் அதற்கு நல்ல குறிப்பு தேவைப்படும், அல்லது அதை ஆல்பத்திலேயே விட்டுவிடலாம். ஒரு படம் வீட்டுக்கு மிக முக்கியமானதாக இருந்தும் சுவருக்குப் பொருந்தாமல் போகலாம். இதைக் கொடுத்தவரிடம் நேரில், மென்மையாகச் சொல்லுங்கள். மின்னஞ்சலில் சொல்ல வேண்டாம்.

8. வரிசை

பலரும் முதலில் கால வரிசைக்குப் போகிறார்கள். நினைவு அப்படி வருவதில்லை. ஒரு ஜன்னலிலிருந்து இன்னொரு ஜன்னலுக்கு, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத் தாவும். கால இடைவெளி இருந்தாலும் ஒரே அசைவு கொண்ட இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாத்தாவும் பேரனும் ஒரே மாதிரி கழுத்தைச் சாய்த்து நிற்பது அப்போதுதான் தெரியும்.

படங்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரிக்கலாமா? ஒருவருக்கு மூன்று படத்துக்கு மேல் இருந்தால் பிரியுங்கள். இல்லையென்றால் கலந்து வையுங்கள்.

வரிசை முடிவானதும் அட்டையில் 1:20 அளவில் சுவர்களைச் செய்து, சிறு படங்களை ஒட்டிப் பாருங்கள். ஒரு நாள் வேலை. மாட்டும் நாளில் ஏணி மேல் நின்றுகொண்டு வாக்குவாதம் செய்வதை அது தவிர்க்கும்.

9. குறிப்பு எழுதுவது

இங்கேதான் பார்ப்பவருக்கும் குடும்பத்துக்கும் நடுவில் பாலம் கட்டுகிறீர்கள். படத்தில் கண்ணுக்குத் தெரிவதைக் குறிப்பில் மறுபடி எழுதாதீர்கள். தெரியாததை எழுதுங்கள்.

ஒரு மாணவர் முதலில் எழுதியது: “என் குடும்பத்தின் மகிழ்ச்சியான தருணம். காலத்தால் அழியாத நினைவுகள். அப்பா, அம்மா, நான்.” இந்தக் குறிப்பு எந்த வீட்டுப் படத்துக்கும் பொருந்தும். ஒலிப்பதிவை மறுபடி கேட்டபின் அவர் எழுதியது: “டைமர் வைத்துவிட்டு அப்பா ஓடிவந்தார். அதனால்தான் அவர் மட்டும் மங்கலாக இருக்கிறார். எங்கள் ஆல்பத்தில் அவர் இருக்கும் படம் இது ஒன்றுதான்.” இரண்டாவதைப் படித்தவர்கள் திரும்பிப் படத்தைப் பார்த்தார்கள். குறிப்பு சரியாக இருக்கிறதா என்பதற்கு என்னிடம் இருக்கும் ஒரே சோதனை அதுதான்.

40 முதல் 60 சொல் போதும். நுழைவாயிலில் இருக்கும் அறிமுகம் 150 சொல்லைத் தாண்ட வேண்டாம். நின்றுகொண்டு படிப்பவர்கள் அதற்கு மேல் பொறுக்க மாட்டார்கள். பேசியவரின் சொல் நன்றாக இருந்தால் இலக்கணம் திருத்தாமல் அப்படியே போடுங்கள். தேதி உறுதியில்லையென்றால் “சுமார்” போடுங்கள். குடும்பத்தில் யாராவது ஒருவர் கண்டிப்பாகக் கண்டுபிடிப்பார்.

எழுத்து 18 பாயிண்டுக்குக் குறையாமல், வெள்ளையில் கருப்பாக இருக்கட்டும். முடிந்த குறிப்பைப் படத்தோடு சேர்த்து, அனுமதி கொடுத்தவரிடம் மறுபடி காட்டுங்கள். படத்துக்குச் சரி சொன்னவர் அதன் கீழே எழுதியதற்குச் சரி சொன்னதாக ஆகாது.

10. பிரிண்ட், ஃபிரேம்

முழுத்தொகுதியையும் ஒரே நாளில் பிரிண்ட் போடக் கொடுக்காதீர்கள். கருப்பு வெள்ளையில் ஒன்று, வண்ணத்தில் ஒன்று, மிக இருண்டதில் ஒன்று என மூன்றை மட்டும் சிறிய அளவில் எடுத்து, அரங்கின் விளக்கிலேயே வைத்துப் பாருங்கள். பிரிண்ட் இருண்டு வருகிறது என்று குறைப்படுபவர்களில் பலர், திரையின் ஒளியை முழுதாக ஏற்றிவைத்துத் திருத்தியவர்கள்.

மேட் தாள் நல்லது, விளக்கைப் பிரதிபலிக்காது. இங்க்ஜெட் பிரிண்ட்டை 24 மணி நேரமாவது உலரவிட்டு ஃபிரேம் போடுங்கள். அவசரப்பட்டால் மையிலிருந்து வரும் ஆவி கண்ணாடியின் உள்ளே மூடுபனிபோல் படியும். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அமிலமற்ற மவுண்ட் அட்டை இருக்க வேண்டும்.

எல்லாப் படத்தையும் பெரிதாக்க வேண்டியதில்லை. உள்ளங்கை அளவுப் படம் பார்ப்பவரை அருகே வரவைக்கும். ஆல்பத்தில் அதை அப்படித்தான் பார்த்திருப்பார்கள்.

மூலப் படங்களைக் கூடியவரை மாட்டாதீர்கள், நகலை மாட்டுங்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால் பூட்டிய கண்ணாடிப் பெட்டியில் படுக்கையாக வையுங்கள். லேமினேட் செய்யவே கூடாது, அதை மீட்க முடியாது.

11. மாட்டுவது

மூன்று நாள் ஒதுக்குங்கள். தேவையானவை: அளவுநாடா, ரசமட்டம், பென்சில், அழிப்பான், சுத்தியல் அல்லது டிரில், கொக்கிகள், காகித டேப், பழைய போர்வை, இரண்டு பேர்.

படத்தின் மையம் தரையிலிருந்து 145 முதல் 152 செ.மீ.க்குள் இருக்கட்டும். ஒரே உயரத்தை அரங்கு முழுக்கப் பின்பற்றுங்கள். மேல்விளிம்பை ஒரே கோட்டில் வைப்பது புதியவர்கள் வழக்கம். ஃபிரேம்களின் அளவு வேறுபடும்போது அது தள்ளாட்டமாகத் தெரியும், மையக் கோடு அப்படித் தெரியாது. சக்கர நாற்காலியில் வருபவர்களுக்காகக் குறிப்புகளைச் சுமார் 120 செ.மீ. உயரத்தில் ஒட்டுங்கள்.

ஆணியின் உயரத்துக்குக் கணக்கு: மைய உயரத்தோடு ஃபிரேம் உயரத்தில் பாதியைக் கூட்டுங்கள். ஃபிரேமின் மேல்விளிம்பிலிருந்து, விரலால் இழுத்துப் பிடித்த தொங்கு கம்பி வரை உள்ள தூரத்தைக் கழியுங்கள். மையம் 150, ஃபிரேம் 60, கம்பி 6 செ.மீ. கீழே என்றால் ஆணி 174 செ.மீ.யில். கம்பியை இழுக்காமல் அளந்தால் எல்லாப் படமும் ஓரிரு செ.மீ. இறங்கி நிற்கும்.

இன்னும் நல்லது, கம்பியே இல்லாமல் ஃபிரேமின் இரு பக்கமும் வளையம், சுவரில் இரண்டு கொக்கி. கதவு அடிபடும்போது படம் சாயாது. இருபக்க டேப்பை நம்பி கண்ணாடி ஃபிரேமை மாட்டாதீர்கள். சுவர்ப் பூச்சோடு உரிந்து இரவில் விழும், அறையில் யாரும் இருக்க மாட்டார்கள்.

முதலில் ஃபிரேம் அளவுக்குப் பழைய தாளை வெட்டி, சுவரில் காகித டேப்பால் ஒட்டிப் பாருங்கள். கதவருகே நின்று பாருங்கள். அதற்குப் பிறகு துளை போடலாம்.

12. ஒளி

விளக்கைச் செங்குத்துக் கோட்டிலிருந்து 30 பாகை சாய்வில் திருப்புங்கள். ஒளி அதைவிடக் கிடையாக வந்தால் பார்ப்பவரின் நிழல் படத்தில் விழும், கண்ணாடியும் கூசும். மூலப் படம் வைத்த பெட்டிக்கு 50 லக்ஸ் (பரப்பில் விழும் ஒளியின் அலகு) மட்டும். அருங்காட்சியகங்கள் ஒளிக்கு நலிந்த பொருள்களுக்குக் கடைப்பிடிக்கும் அளவு அது. நகல்களுக்கு 150 முதல் 200 லக்ஸ் வரை போகலாம். முதல் படியில் குறித்துவைத்த வெயில் சுவர் நினைவிருக்கிறதா? அதில் படம் வேண்டாம், அறிமுக உரையை அங்கே வையுங்கள்.

13. திறப்புக்கு முன் ஒரு மணி நேரம்

பொதுமக்கள் வருவதற்கு முன், படத்தில் இருப்பவர்களும் அவர்கள் குடும்பமும் மட்டும் பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பெரிய சுவரில் தன் முகத்தையோ, இறந்துபோன ஒருவரின் முகத்தையோ முதல் முறை பார்ப்பது கூட்டத்துக்கு நடுவில் நடக்கக் கூடாது.

நாற்காலிகள் வையுங்கள். தண்ணீர் இருக்கட்டும். யாராவது அழுதால் அருகில் போய் நில்லுங்கள், படத்தை விளக்கத் தொடங்காதீர்கள்.

யாராவது “இதை எடுத்துவிடுங்கள்” என்றால் அங்கேயே இறக்குங்கள். விவாதம் பிறகு. காலி இடத்தை வேறு படத்தால் நிரப்ப வேண்டாம், கொக்கியை அப்படியே விடுங்கள்.

வாசலருகே ஒரு மேசையில் சிறு அட்டைகளும் பென்சிலும் வைத்து, இரண்டாம் படியில் நீங்கள் கேட்ட அதே கேள்வியை எழுதி வையுங்கள். கருத்துப் புத்தகம் வைத்தால் “அருமை” என்றுதான் வரும். கேள்வி வைத்தால் தங்கள் வீட்டைப் பற்றி எழுதுவார்கள். ஒரு முறை முதல் நாளே அட்டைகள் தீர்ந்துபோயின. கூடுதலாக வெட்டி வையுங்கள்.

14. இறக்குவதும் திருப்பிக் கொடுப்பதும்

இறக்கும் முன் அரங்கை முழுதாகப் படம் எடுங்கள். ஒவ்வொரு சுவரும் நேர்கோணத்தில் ஒன்று, படமும் குறிப்பும் சேர்ந்து ஒன்று. மாணவர்களின் தொகுப்புக்கு இது பின்னால் தேவைப்படும்.

மூலப் படங்களை வாங்கியபோது அவற்றின் நிலையை எழுதி வைத்திருப்பீர்கள் (ஐந்தாம் படியில் முன், பின் இரண்டும் ஸ்கேன் செய்ததே அதற்குச் சான்று). அதோடு ஒப்பிட்டு, அமிலமற்ற உறையில் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு நேரில் கொடுங்கள். நண்பர் மூலம் அனுப்ப வேண்டாம். உயர்தர ஸ்கேன் கோப்பின் ஒரு பிரதியையும் குடும்பத்துக்குக் கொடுங்கள். பல வீடுகளில் அந்தப் படத்துக்கு வேறு நகலே கிடையாது.

அனுமதித் தாளில் சொன்ன தேதி வந்ததும், உங்களிடம் இருக்கும் கோப்புகளை அழியுங்கள். அழித்துவிட்டோம் என்று ஒரு வரி எழுதி அவர்களுக்குத் தெரிவித்துவிடுங்கள்.

ஒலிப்பதிவுகளை மட்டும் அழிக்கும் முன் ஒருமுறை கேளுங்கள்: “உங்களுக்கு வேண்டுமா?” நான் கேட்ட வீடுகளில் பாதிக்கு மேல் அதைத்தான் முதலில் வாங்கிக்கொண்டார்கள், படத்தை அப்புறம்.